வார்ஃபரினோடு குடித்தனம்: டர்பனிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு காகிதம் தொங்கும். ஒன்று தமிழ் நாட்காட்டி. அமாவாசை, கிருத்திகை, புரட்டாசிச் சனி எல்லாம் அதில் இருக்கும். இன்னொன்று, ரத்தம் கட்டாமல் இருக்க என் மாமியார் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையின் அட்டவணை. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் ஒரு வருடம் நாங்கள் நன்றாகவே பட்டோம். அந்தக் கதை கீழே வருகிறது. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவிலேயே இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாலு பேர், கேட்கும் சந்தேகமும் ஒன்றுதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. எத்தனை மில்லிகிராம் என்பது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது, இதில் அது இருக்காது. மாத்திரையை வாங்கி வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் இது.

முதலில், இது என்ன செய்கிறது

பாலில் உறை விட்டு அசையாமல் வைத்தால்தான் தயிர் உறையும், ஆட்டிக்கொண்டே இருந்தால் உறையாது. ரத்தமும் கிட்டத்தட்ட அப்படித்தான். அத்தைக்கு இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே படபடவென்று துடிக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். அங்கே ரத்தம் தேங்கி, கட்டியாகி, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். காலில் கட்டி வந்தவர்கள், அது நுரையீரலுக்கு ஏறியவர்கள், உலோக வால்வு வைத்தவர்கள் இவர்களுக்கும் கொடுப்பது இதனால்தான்.

'ரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்று சொல்கிறோமே தவிர, ரத்தம் ஒன்றும் தண்ணீராகிவிடாது. கல்லீரல் ரத்தம் உறைவதற்கான சில புரதங்களைச் செய்ய வைட்டமின் கே வேண்டும். வார்ஃபரின் அந்த வைட்டமினின் வேலையைத் தடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும் புரதம் தீர நாளாகும், ஆகவே இன்று சாப்பிட்ட மாத்திரையின் பலன் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும், முழுசாக வேலை செய்ய ஐந்து நாளாவது ஆகும். காலில் கட்டி வந்தவர்களுக்கு ஆரம்பத்தில் ஊசியும் சேர்த்துப் போடுவது இந்த இடைவெளிக்காக.

எலி மருந்துதானே இது என்று யாராவது பயமுறுத்துவார்கள். உண்மைதான். அமெரிக்காவில், கனடாவில் 1920-களில் கெட்டுப்போன ஒரு வகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன, அதைத் துருவிக்கொண்டு போய்த்தான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இந்த வகை மருந்தைக் கண்டுபிடித்தார்கள். வார்ஃபரின் 1948-இல் எலிக்கு வந்தது, 1954-இல் மனிதனுக்கு வந்தது. அடுத்த வருடமே அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தபோது இதைத்தான் கொடுத்தார்கள். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அப்ப எலியும் ஜனாதிபதியும் நானும் ஒரே மாத்திரையா" என்று கேட்டுவிட்டு முழுங்கினார்.

மாத்திரையைச் சாப்பிடும் விதம்

மாலையில் ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் ஆறு மணி விளக்கேற்றியவுடன். மாலை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: காலையில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்து, மதியம் கிளினிக்கிலிருந்து அளவை மாற்றச் சொன்னால் அன்றைக்கே மாற்றிவிடலாம்.

அளவு பெரும்பாலும் நாளுக்கு நாள் மாறும். ஒரு உதாரணத்துக்கு, திங்கள், புதன், வெள்ளி ஒரு முழு 5 மி.கி. மாத்திரை, மற்ற நாலு நாளும் அரை. கூட்டினால் வாரத்துக்கு 25 மி.கி. டாக்டர் மனதில் ஓடுவது இந்த வாரக் கணக்குதான். இதில் ஒரு நாள் அரையை முழுசாக்கினால் 27.5 ஆகிறது, பத்து சதவீதம் ஏறிவிட்டது. அரை மாத்திரைதானே என்று நாமாகக் கூட்டிக் குறைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

அரை என்றால் சரியான அரை. அத்தை முதலில் வெங்காயம் நறுக்கும் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தார். ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சிறிசு, ஒரு நாள் பாதி தெறித்து ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது, அதைத் தேடிக் குனிந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது தனிக் கதை. மாத்திரை வெட்டும் குட்டி டப்பா மருந்துக் கடையில் கிடைக்கும், வாங்கிவிடுங்கள். கூடவே ஏழு அறை உள்ள வார டப்பாவும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பிவிட்டால் 'சாப்பிட்டேனா இல்லையா' என்ற கேள்வியே எழாது.

மறந்துவிட்டால்? அன்றைக்கே, தூங்குவதற்குள் ஞாபகம் வந்தால் சாப்பிடலாம். மறுநாள்தான் ஞாபகம் வந்தது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டு நாள் மாத்திரையைச் சேர்த்து முழுங்க வேண்டாம். விட்டதை அட்டவணையில் எழுதி, அடுத்த தடவை கிளினிக்கில் சொல்லுங்கள். உலோக வால்வு உள்ளவர்கள் இரண்டு நாள் தொடர்ந்து விட்டுவிட்டால் காத்திருக்காமல் போன் போடுங்கள்.

நிறத்தை வைத்து மாத்திரையை அடையாளம் வைக்காதீர்கள். நாட்டுக்கு நாடு நிறம் வேறு. பிரிட்டனில் 5 மி.கி. இளஞ்சிவப்பு, அமெரிக்காவில் இளஞ்சிவப்பு என்றால் 1 மி.கி. அட்டையில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள், கண் தெரியவில்லை என்றால் பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள்.

ஐ.என்.ஆர். என்ற எண்

ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை அளக்கும் எண் இது. மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு 1-க்குப் பக்கத்தில் இருக்கும். வார்ஃபரின் சாப்பிடும் பெரும்பாலோருக்கு 2-லிருந்து 3-க்குள் இருக்க வேண்டும். மைட்ரல் இடத்தில், அதாவது இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில், உலோக வால்வு இருந்தால் வழக்கமாக 2.5-லிருந்து 3.5. கீழே இறங்கினால் கட்டி பயம், மேலே ஏறினால் ரத்தக் கசிவு பயம். உங்கள் எல்லை எது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாக மாத்திரை சாப்பிட்டும் தன் எல்லை தெரியாதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை கூடப் பார்ப்பார்கள், நிலைப்பட்ட பிறகு மாதம் ஒரு தடவை என்று ஆகும். அரசாங்க மருத்துவமனை வரிசையை நினைத்துத்தான் பாதிப் பேர் போகாமல் விடுகிறார்கள், எனக்கும் தெரியும், விடியற்காலை ஐந்து மணிக்குப் போர்வையோடு போய் உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும் போங்கள். இந்த மாத்திரையில் நம் உடம்பு உள்ளே என்ன செய்கிறது என்று காட்டுவது இந்த ஒரு எண்தான், எண் 6-க்குப் போனாலும் சிலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது.

புரட்டாசியும் கீரையும்

இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

இங்கே புரட்டாசி எப்படி என்று உங்களுக்கே தெரியும். செப்டம்பர் நடுவில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்து, மாதம் முழுக்க மீன் கிடையாது, கறி கிடையாது. அதுவரை வாரத்துக்கு ஒரு நாள் கீரை சாப்பிட்டவர், இங்கே பேசுகிற மாதிரி சொன்னால் ஹெர்ப்ஸ், இப்போது வாரத்துக்கு ஐந்து நாள் சாப்பிடுகிறார். பருப்போடு முளைக்கீரை, முருங்கைக்கீரை, கோஸ், மேலே ஒரு கை கொத்தமல்லி. அவ்வளவும் வைட்டமின் கே. அந்த வருடம் புரட்டாசி மூன்றாம் வாரத்தில் அத்தையின் எண் 2.6-லிருந்து 1.4-க்கு இறங்கிவிட்டது. கிளினிக் சிஸ்டர், அத்தையை அன்போடு 'கோகோ' (பாட்டி) என்று கூப்பிடும் ஜூலுப் பெண், "மாத்திரையை விட்டுவிட்டீர்களா கோகோ" என்று கேட்டார். இல்லை என்றார் அத்தை. உண்மையும் அதுதான். விரதத்தைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மாத்திரை அளவைக் கூட்டினார்கள்.

அப்புறம் புரட்டாசி முடிந்தது. ஆட்டுக்கறி, இறால், தீபாவளிப் பலகாரம். கீரை பழையபடி வாரம் ஒரு நாள். கூட்டின மாத்திரை மட்டும் கூட்டினபடியே இருந்தது. அடுத்த பரிசோதனையில் எண் 4.8. அதற்கு முந்தின நாள்தான் பல் தேய்த்துத் துப்பும்போது தொட்டி முழுக்கச் சிவப்பாக இருக்கிறது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தார். மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து, வாரா வாரம் ரத்தம் பார்த்து எல்லாம் ஒழுங்குக்கு வர மார்கழி ஆகிவிட்டது.

இதிலிருந்து கீரையே சாப்பிடாதே என்று முடிவு கட்டாதீர்கள். அதைச் சொல்லும் சொந்தக்காரர்கள் நிறைய உண்டு. கீரை சாப்பிடலாம், ஒரே அளவில் சாப்பிட வேண்டும். வாரம் இரண்டு நாள் என்றால் வருடம் முழுக்க இரண்டு நாள், மாத்திரை அளவு அதற்குத் தக்கபடி அமைந்துவிடும். சுத்தமாக நிறுத்தினவர்களுக்கு என்றைக்காவது ஒரு கல்யாண வீட்டுக் கீரையிலேயே எண் ஆடிவிடும்.

இப்போது நாங்கள் செய்வது: புரட்டாசிக்கு முந்தின பரிசோதனையிலேயே சிஸ்டரிடம் 'ஒரு மாதம் சைவம்' என்று சொல்லிவிடுகிறோம். கீரை நாளை இரண்டோடு நிறுத்தி, மற்ற நாளில் கத்தரிக்காய், உருளைக்கிழங்கு, பூசணி, பருப்பு, தயிர். விரதம் தொடங்கி ஒரு வாரத்தில் ஒரு பரிசோதனை, முடிந்து ஒரு வாரத்தில் ஒன்று. முழு நாள் பட்டினியும் எண்ணை ஏற்றும், வயிற்றுப்போக்கும் ஏற்றும், பசியில்லாமல் நாலு நாள் கஞ்சி குடித்தாலும் ஏற்றும்.

முருங்கைப் பொடி டப்பா இப்போது எல்லாக் கடையிலும் விற்கிறது, அதை ஒரு ஸ்பூன் கலந்து குடிப்பது சத்துக்கு நல்லதுதான், ஆனால் புதிதாகத் தொடங்குவதற்கு முன் கேளுங்கள். குழம்பில் போடும் மஞ்சள், இஞ்சி, பூண்டு பயமில்லை. அதையே மாத்திரை மாத்திரையாக அடைத்து விற்பதை வாங்காதீர்கள். குடிப்பவர்கள் சனிக்கிழமை ராத்திரி மொத்தமாகக் குடிப்பது ரொம்பக் கெடுதல், எண் திடீரென்று ஏறும், விழுந்து தலையிலும் அடிபடும்.

வலிக்கு என்ன சாப்பிடுவது

குளிர்காலத்தில் அத்தைக்கு முட்டி வலி. மூலைக் கடையில் கிராண்ட்-பா பவுடர் வாங்கி நாக்கில் கொட்டித் தண்ணீர் குடிப்பது அந்தத் தலைமுறையின் பழக்கம். அதில் பாரசிட்டமால், கஃபீன் தவிர ஆஸ்பிரினும் இருக்கிறது. ஆஸ்பிரின் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களை ஒட்டவிடாது, வயிற்றையும் அரிக்கும். இதில் மாட்டிக்கொள்வது எங்கே என்றால், ஆஸ்பிரினால் வரும் ஆபத்து ஐ.என்.ஆரில் தெரியாது. எண் 2.5 என்று அழகாக இருக்கும், கையெல்லாம் நீலநீலமாகக் கன்றிப் போயிருக்கும். அத்தைக்கு அப்படித்தான் இருந்தது, பையைத் துழாவியபோது ஏழு பவுடர் பொட்டலம் கிடைத்தது.

ஆகவே டிஸ்பிரின், கிராண்ட்-பா, காம்ப்ரால், நியூரோஃபென், மைப்ரோடால், வோல்டாரன் எதுவும் நீங்களாக எடுக்காதீர்கள். இதய டாக்டரே ஆஸ்பிரினையும் சேர்த்து எழுதியிருந்தால் அது வேறு விஷயம், அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வலிக்குப் பாரசிட்டமால், இங்கே பனடோ. அதுவும் எப்போதாவது ஒன்றிரண்டு. தினமும் நாலு மாத்திரை என்று ஒரு வாரம் ஓடினால் அதுவும் எண்ணை ஏற்றிவிடும், கிளினிக்கில் சொல்லிவிடுங்கள்.

'ஊசி போட்டால்தான் சரியாகும்' என்று டாக்டரை வற்புறுத்துகிற ஆசாமியா நீங்கள்? தசையில் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். அதிலும் இடுப்பில் வலி ஊசி என்றால் ஊசியும் தப்பு, மருந்தும் தப்பு. உள்ளே நுழைந்தவுடன் 'நான் வார்ஃபரினில் இருக்கிறேன்' என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும்.

வேறு மருந்து சேரும்போதும், நிற்கும்போதும்

கிருமிக்குக் கொடுக்கும் கோ-டிரைமாக்ஸசோல், மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்ஸசின், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃப்ளூகோனசோல் இவையெல்லாம் எண்ணை ஏற்றும். இதயத் துடிப்புக்குக் கொடுக்கும் அமியோடரோன் மெதுவாக, வாரக்கணக்கில் ஏற்றும். புது மருந்து எது தொடங்கினாலும் மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் ரத்தம் பார்க்க வேண்டும் என்று மனதில் வையுங்கள்.

நம் மாகாணத்தில் காசநோய் அதிகம், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், வார்ஃபரினைக் கல்லீரலில் வேகவேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும். அளவை இரண்டு மடங்குக்கு மேல் கூட்ட வேண்டி வருவதும் உண்டு. எல்லோரும் தொடக்கத்தில் கவனமாக இருப்பார்கள். ஆறு மாதம் கழித்து சிகிச்சை முடிந்து, சந்தோஷமாக மாத்திரையை நிறுத்தியபின் அடுத்த சில வாரங்களில் வார்ஃபரின் உடம்பில் ஏறிக்கொண்டே போகும், அங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள். ஒரு மருந்தை நிறுத்துவதும் ஒரு மாற்றம்தான். ஹெச்.ஐ.வி. மருந்து, வலிப்பு மருந்து எல்லாவற்றுக்கும் இதே கணக்கு. நம் நாட்டு மருந்தோ, மூத்தி என்கிற ஜூலு நாட்டு மருந்தோ எதுவானாலும் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாததால் வேண்டாம்.

காவடி எடுப்பவர்களுக்கு

வருடா வருடம் தைப்பூசத்துக்கு முன் இந்தக் கேள்வி வரும்: 'ஐந்து நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு வேல் குத்திக்கலாமா?' கூடாது. நிறுத்தினால் கட்டி, நிறுத்தாமல் குத்தினால் ரத்தம், இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்பான நாள் என்று ஒன்று கிடையாது. உலோக வால்வு உள்ளவர் நிறுத்துவது உயிரோடு விளையாடுவது. கன்னத்தில் வேல், முதுகில் கொக்கி இரண்டும் வேண்டாம், பால்குடம் எடுக்கலாம், குத்தாத காவடி எடுக்கலாம். கோவில் பெரியவரிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் இதற்கு முன்னும் கேட்டிருப்பார். தீமிதியும் அப்படித்தான், புனித வெள்ளிக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போவீர்கள், வேண்டுதலைச் செலுத்த வேறு வழி நிறைய இருக்கிறது. முருகன் ஐ.என்.ஆர். பார்க்காமல் வரச் சொல்லமாட்டார் என்பது அத்தையின் கருத்து.

எப்போது ஓட வேண்டும்

சவரத்தில் கீறியது, ஈறில் லேசான கசிவு, சின்னக் கன்றல், இதற்கெல்லாம் பதற வேண்டாம். பத்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாக்காமல் முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள், நடுநடுவே விட்டுப் பார்க்கக் கூடாது. பிடித்தும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனை.

தாரைப் போல் கறுத்து நாறும் மலம், ரத்த வாந்தி, காபிப் பொடி மாதிரி வாந்தி, சிவந்த சிறுநீர் (முந்தின நாள் பீட்ரூட் சாப்பிட்டீர்களா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள், எங்கள் வீட்டில் அதற்கே ஒரு தடவை ஓடியிருக்கிறோம்), இதுவரை இல்லாத மாதிரி தலைவலி, காரணமில்லாமல் வீங்கும் மூட்டு: உடனே கிளம்புங்கள். தலையில் அடிபட்டால் வெளியே ஒன்றுமே தெரியாவிட்டாலும், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் போய்க் காட்டத்தான் வேண்டும். மண்டைக்குள் மெதுவாக ரத்தம் சேர நேரமாகும். கரண்ட் போன ராத்திரியில் இருட்டில் தடவிக்கொண்டு பாத்ரூம் போகிறவர்கள் கட்டில் பக்கத்தில் ஒரு டார்ச் வையுங்கள்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தொங்கிப்போவது, பேச்சு குழறுவது இது மறுபக்க ஆபத்து, அதாவது கட்டி. அல்லது மூளையிலேயே கசிவு. எது என்று ஸ்கேன்தான் சொல்லும். அரசு ஆம்புலன்ஸ் 10177, கைபேசியிலிருந்து 112.

புது மாத்திரைகளுக்கு மாறலாமா

ரிவரோக்சபான், அபிக்சபான், டபிகட்ரான் என்று வந்திருக்கின்றன. மாதாமாதம் ஐ.என்.ஆர். வேண்டாம், கீரைத் தொல்லை இல்லை. ஆனால் விலை அதிகம், உலோக வால்வுக்கு ஆகாது, ருமாட்டிக் நோயால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் வார்ஃபரின்தான். சிறுநீரகத்தை வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். இதில் மாத்திரையை மறந்தால் ஒரே நாளில் பலன் போய்விடும், வார்ஃபரின் மாதிரி மிச்சம் இருக்காது. ரிவரோக்சபான் 15, 20 மி.கி. மாத்திரையைச் சாப்பாட்டோடுதான் எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. டபிகட்ரான் கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருப்பதைக் கொட்டக் கூடாது. பழையதை என்றைக்கு நிறுத்தி, புதியதை என்றைக்குத் தொடங்குவது என்பதை டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

பிள்ளை பெறும் வயதில் வால்வு வைத்த பெண்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரிடம் பேசுங்கள். வார்ஃபரின் முதல் மூன்று மாதத்தில் கருவைக் கெடுக்கலாம். பயந்து நீங்களாக நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும். நாள் தள்ளினால் அன்றைக்கே போன் போடுங்கள், வாரக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

பல், ஆப்பரேஷன், ஊர்ப் பயணம்

பல் பிடுங்க பெரும்பாலும் வார்ஃபரினை நிறுத்த வேண்டியதில்லை, முந்தின நாள் ஐ.என்.ஆர். பார்த்து 4-க்குக் கீழே இருந்தால் பல் டாக்டர் தையல் போட்டு, பஞ்சு வைத்துப் பார்த்துக்கொள்வார். பெரிய ஆப்பரேஷன் என்றால் ஐந்து நாள் முன் நிறுத்தச் சொல்லலாம், சிலருக்கு நடுவில் வயிற்றில் ஊசி போடுவார்கள். அந்த ஊசியைப் போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகும்போது மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பெட்டி வராமல் போனால் தொலைந்தீர்கள். போகும் நாளுக்கு மேல் இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மருந்துக் கடையில் 'அதேதான் இது' என்று அசிட்ரோம் கொடுப்பார்கள். அதேதான் இல்லை, அது அசினோகூமரால், அளவுக் கணக்கே வேறு. அத்தையின் தம்பி அப்படித்தான் அங்கிருந்து நாலு அட்டை அன்போடு வாங்கி வந்தார், அன்போடு வாங்கி அலமாரியில் பூட்டி, பிறகு மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்தோம்.

கடைசியாக ஒரு சீட்டு. மாத்திரையின் பெயர், எதற்காக, ஐ.என்.ஆர். எல்லை, வார அளவு, கிளினிக் நம்பர், வீட்டு நம்பர். ஆறு வரி, ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆம்புலன்ஸில் வருகிறவர் படிக்க வேண்டும். பர்ஸில் ஒன்று, கைபேசி உறைக்குள் ஒன்று. அத்தை தன்னுடையதைச் சில்லறைப் பையில் வைத்திருக்கிறார். போன வாரம் எடுத்துப் பார்த்தால் பின்பக்கம் மீன்கடைக் கணக்கு எழுதி, ஓரத்தைக் கிழித்து யாருக்கோ போன் நம்பர் கொடுத்திருந்தார், அதில் வார அளவு போய்விட்டது. புதிதாக ஒன்று எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.